சுவரில் ஓர் ஆணி

சென்ற வெள்ளிக்கிழமை மாலை, கந்தப்பளைக் கடைவீதியின் ஒதுக்குப்புறத்தில் நின்ற ஒரு வெள்ளை வேனுக்குள் ஏறிப் பார்க்கும்படி என் பழைய மாணவன் ஒருவன் என்னை அழைத்தான். அவன் இப்போது தச்சன். ஊர் சுற்ற வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதியினர் வாடகைக்கு எடுத்திருந்த வண்டி அது. உள்ளே ஒரு சிறு வீடே இருந்தது. கட்டில், மேசை, அலுமாரி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டியின் உடம்போடு உடம்பாகப் பொருத்தப்பட்டிருந்தன.

பொருத்தியவன் யாரோ, படுக்கப்போகிறவனின் உயரத்தைக் கேட்கவில்லை. கணவன் கால் நீட்டினால் பாதங்கள் அலுமாரிக் கதவை முட்டின. மேசை மடங்காதபடியால் இரவில் எழுந்து நடக்க இடமில்லை. அடுப்போ தாழ்வாக இருந்தது. அந்த அம்மாள் ஒரு வாரம் குனிந்து சமைத்ததில் இடுப்பு வலி கண்டுவிட்டதாம். வண்டியின் சொந்தக்காரரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டார்கள். “வசதிப்படி செய்துகொள்ளுங்கள்” என்று பதில் வந்தது. என் மாணவன் இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். கட்டிலை நடுவில் அறுத்து, பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் விரியும்படி கீல் வைத்தான். மேசையைச் சுவரோடு மடித்தான். அடுப்பின் கீழே கட்டை கொடுத்து மூன்று அங்குலம் உயர்த்தினான்.

“இந்த வித்தையை எங்கே படித்தாய்?” என்று கேட்டேன்.

“படிக்கிறதுக்கு என்ன இருக்கு சேர்? பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவுல ஏழு பேரா வளர்ந்தவனுக்கு இது பெரிய வீடு” என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சிரித்ததை அப்படியே விட்டுவிட்டு வர ஒரு கணித ஆசிரியனால் முடியவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே மனக்கணக்குப் போட்டேன். வேனின் உட்புறம் ஏறக்குறையப் பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம். 55 சதுர அடி. அதில் இருவர், ஆளுக்கு இருபத்தேழரைச் சதுர அடி. அவன் பிறந்த காம்பிரா 120 சதுர அடி. அதில் ஏழு பேர். ஆளுக்குப் பதினேழு சதுர அடி. அடுப்பும் விறகும் தண்ணீர்க் குடமும் பிடித்த இடத்தை நான் இன்னும் கழிக்கவில்லை. ஒரு மாத உல்லாசத்துக்காகச் சக்கரத்தின்மேல் ஏற்றப்பட்ட அறை, ஒரு வம்சத்தின் வாழ்வுக்காகக் கல்லால் கட்டப்பட்ட அறையைக் காட்டிலும் விசாலமானது! இந்தக் கணக்கை எந்தப் பாடநூலும் மாணவனுக்குத் தருவதில்லை.

நானும் அத்தகைய ஒரு காம்பிராவில் பிறந்தவன்தான். கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே உள்ள ஊர். தை, மாசி மாதங்களில் விடியற்காலைப் பனி முட்டைக்கோசுப் பாத்திகளின்மேல் உப்புப்போல் உறைந்து கிடக்கும். அந்தக் குளிரில் எங்கள் லயம் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரே கூரை, ஒரே நீளம், வரிசையாகப் பன்னிரண்டு கதவுகள். தூரத்திலிருந்து பார்த்தால் ரயில் வண்டியொன்று நின்றுவிட்டதுபோல் தோன்றும். சிறுவர்களாகிய நாங்கள் அதை அப்படித்தான் அழைத்தோம். ஆனால் அந்த ரயில் எந்த ஊருக்கும் போகவில்லை.

லயம் என்ற கட்டடம் குடும்பத்தை மனத்தில் வைத்துப் போடப்பட்டதன்று. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பினார்கள். அவர்கள் இரவில் ஒண்டுவதற்காக எழுந்த கொட்டில் அது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி வீழ்ந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே ஆளும் ஆண்டு முழுவதும் வேண்டும். வந்தவர்கள் தங்கினார்கள், மணந்தார்கள், பெற்றார்கள், மாண்டார்கள். பயிர் மாறியது, தொழில் மாறியது, மனிதரின் வாழ்வே மாறியது. ஒண்டுவதற்குப் போட்ட கொட்டிலின் அளவு மட்டும் மாறவில்லை.

எங்கள் காம்பிராவிலும் கட்டடத்தோடு பிறந்த தளபாடங்கள் இருந்தன. மூலையில் மூன்று கல் அடுப்பு. அதற்கு மேலே விறகு காயும் பரண். முன்னே, பாதி சுவர் வைத்த இஸ்தோப்பு. அவ்வளவுதான். படுப்பது சாணம் மெழுகிய தரையில், சாக்கின்மேல் விரித்த கம்பளியில். நள்ளிரவுக்குப் பின் தரையின் ஈரம் சாக்கைத் தாண்டி முதுகைத் தேடி வரும். விடியும்போது தகரக் கூரையின் அடியில் எங்கள் மூச்சே நீராகத் திரண்டு, கரியோடு கலந்து, கறுப்புத் துளிகளாகச் சொட்டும். பாடசாலைக்குப் போட்டுப்போக வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டையில் அந்தத் துளி விழுந்த காலைகளில் நான் அழுதிருக்கிறேன்.

1966ஆம் ஆண்டில் என் தகப்பனார் இதற்கு ஒரு முடிவு காணத் துணிந்தார். அவர் ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலையை அக்காலத்தில் மெல்லிய ஒட்டுப் பலகைப் பெட்டிகளில் அடைத்து ஏற்றுமதி செய்வார்கள். பெட்டியின் உட்புறம் ஈயம் போன்ற வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். உடைந்து கழிக்கப்பட்ட பெட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இயந்திரங்களை ஓட்டிய பட்டைவார் தேய்ந்து அறுந்தபோது அதன் துண்டுகளையும் வாங்கி வந்தார். டர்பன்டைன் மரக் கம்புகள் விறகுக் காட்டில் கிடைத்தன. பொருள்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் பெரிய தடையொன்று இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

லயம் தோட்டத்தின் சொத்து. அதில் ஓர் ஆணி இறங்கினாலும் அது சேதம். ஆகையால் என் தகப்பனார் சுவரைத் தொடாத ஒரு கட்டிலைச் சிந்தித்தார். நான்கு கம்புகளைத் தரைக்கும் கூரைச் சட்டத்துக்கும் நடுவில் நிறுத்தி, அடியில் மர ஆப்பு அடித்து இறுக்கினார். குறுக்கே சட்டங்களைக் கயிற்றால் வரிந்து கட்டினார். ஒட்டுப் பலகையை இரட்டையாக அடுக்கிப் படுக்கையாக்கி, பட்டைவார்த் துண்டுகளைக் கீலாக வைத்தார். பகலில் படுக்கையைத் தூக்கி நிறுத்தி மரக்கொக்கியில் மாட்டிவிடலாம். தூக்கி நிறுத்திய படுக்கையின் அடிப்புறத்திலிருந்து இன்னொரு சிறு பலகை கீழே விழும். அது என் மேசை. வீட்டில் யன்னல் இல்லாதபடியால், கதவின் வெளிச்சம் படும் திசையைப் பார்த்தே அந்த மேசையை அமைத்திருந்தார்.

முதல் முயற்சியே சரியாக வந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். முதலில் படுக்கையை ஓரடி உயரத்தில் வைத்தார். கதவிடுக்கால் நுழைந்த காற்று பலகைக்கு அடியில் ஓடித் தரையைவிடக் குளிர்ந்தது. ஒன்றரை அடிக்கு உயர்த்தி, கீழே காற்று வரும் பக்கத்தில் துணிமணிப் பெட்டிகளை அணைபோல் அடுக்கினார். குளிர் நின்றது, பெட்டி வைக்க இடமும் கிடைத்தது. ஒட்டுப் பலகை ஈரத்தில் உப்பி இதழ் இதழாகப் பிரிந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டார். மிஞ்சிய வெள்ளித்தாளைப் படுக்கைக்கு நேர் மேலே விதானமாகக் கட்டினார். கறுப்புத் துளிகள் அதில் விழுந்து ஓரமாக வழிந்தன. மேசை என் மார்பளவு இருந்தது. ஒரு மாதம் கழித்து நான்கு அங்குலம் இறக்கினார். கம்பனி வைத்த அறைக்குள் என் தகப்பனார் வைத்த அறை அது. அதில் எங்கே கை நீட்டினாலும் அவர் யோசித்த ஒரு காரணம் தட்டுப்படும்.

சில வாரங்களில் லயம் பார்வைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். கட்டிலைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது. “யாரைக் கேட்டுச் செய்தாய்?” என்றார். என் தகப்பனார் பதில் பேசவில்லை. ஒரு கம்பின் அடியிலிருந்த ஆப்பைத் தட்டி எடுத்தார். கம்பு கையோடு வந்தது. சுவரைத் தடவிக் காட்டினார். ஒரு துளையுமில்லை. உத்தியோகத்தர் ஒன்றும் சொல்ல முடியாமல் போய்விட்டார். லயமே அன்றைக்கு அதைக் கொண்டாடியது. நானும் பல்லாண்டுக் காலம் அதை ஒரு வெற்றியென்றே எண்ணியிருந்தேன்.

இன்று அப்படி எண்ண முடியவில்லை. ஒரு மனிதன் தன் அறிவின் பாதியைக் கட்டில் செய்வதிலும் மறுபாதியைத் தடயம் இல்லாமல் செய்வதிலும் செலவழிக்க நேர்ந்தது என்றால், வென்றது யார்?

இன்னொன்றையும் நான் மறைக்கலாகாது. அந்தக் கட்டிலால் சுகம் கண்டவர்கள் நானும் என் தகப்பனாரும். படிக்கிற பிள்ளைக்கு மேசை கிடைத்தது. உழைக்கிற ஆணுக்குப் படுக்கை கிடைத்தது. என் தாயார் என்ன கேட்டார்? அவர் இரண்டே இரண்டு கேட்டார். அடுப்பைக் கொஞ்சம் உயர்த்தித் தர வேண்டும். பின்சுவரில் புகை போக ஒரு துவாரம் வேண்டும். காலையில் பெரட்டுக்குப் போகும் முன்னும், மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு நனைந்த படங்கோடு வந்த பின்னும், அவர் தரையில் குந்தி, தலையைச் சரித்து, கண்ணீர் வடிய ஊதிக்கொண்டிருப்பார். பகல் முழுவதும் மலையில் குனிந்த முதுகு, வீட்டிலும் குனிந்தே இருந்தது.

துவாரத்துக்கு என் தகப்பனார் முறைப்படி விண்ணப்பித்தார். கட்டடத்தின் உருவத்தை மாற்ற அனுமதியில்லை என்று பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டார். அடுப்பை உயர்த்துவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நாலு கல்லும் கொஞ்சம் மண்ணும் போதும். அதை ஏன் அவர் செய்யவில்லை? ஏன் நானும் செய்யவில்லை? துரைத்தனத்தின் கண்ணுக்கு என் தகப்பனாரின் முதுகு தெரியவில்லை. எங்கள் கண்ணுக்கு என் தாயாரின் முதுகு தெரியவில்லை. அடக்கப்பட்டவனின் வீட்டுக்குள்ளும் அடக்கப்பட்டவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். வேனில் அடுப்பின் கீழே கொடுத்திருந்த மூன்று அங்குலக் கட்டையைக் கண்டபோதுதான் அது எனக்கு உறைத்தது. 1981இல் நெஞ்சு நோயால் என் தாயார் இறந்தார். புகையே காரணம் என்று சொல்ல நான் வைத்தியனல்லன். அவர் கேட்ட துவாரம் ஓர் அடிக்கு ஓர் அடி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

தகப்பனாரின் கட்டிலைப் பார்த்து லயத்தில் வேறு சில வீடுகளிலும் கட்டில்கள் எழுந்தன. அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன. பிறகு அந்தக் கட்டில்களின் கதை வேறு விதமாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. எழுபதுகளில் எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் புறப்பட்டன. கப்பலேறுவதற்குப் பெட்டி வேண்டுமே! கட்டில்களைக் கழற்றிக்கொண்டு தகப்பனாரிடம் வந்தார்கள். தேயிலைப் பெட்டியாகப் பிறந்து கட்டிலான பலகை, அவர் கையாலேயே மறுபடியும் பெட்டியாயிற்று. முன்பு தேயிலையைச் சுமந்து கடல் தாண்ட இருந்த பலகை, இப்போது தேயிலை பறித்தவர்களின் சட்டிபானைகளைச் சுமந்து கடல் தாண்டியது. அவர்கள் போன பின் அந்தக் காம்பிராக்களுக்குள் நான் நுழைந்து பார்த்ததுண்டு. சுவர்களில் ஓர் ஆணித் துளையும் இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கான அடையாளமாகக் கரி மட்டுமே மிஞ்சியிருந்தது.

எங்கள் ஊரில் பழைய கட்டடங்களை மாற்றவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். அற்புதமாக மாற்றியிருக்கிறார்கள். ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 1996இல் அது உல்லாச விடுதியாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாடப் போட்ட மேல்மாடிகள் விருந்தினர் படுக்கையறைகளாயின. பழைய இயந்திரங்களைப் பத்திரமாகத் துடைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். வளவில் ஒரு ரயில் பெட்டியும் இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை இரண்டடி ஆறங்குலக் குறுகிய பாதையொன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. 1940களில் அது மூடப்பட்டு, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. அந்தக் காலத்தை நினைவூட்டும் பெட்டி அது. உள்ளே மேசையும் நாற்காலியும் விளக்கும் அமைத்து உணவு அறையாக்கியிருக்கிறார்கள்.

மாணவர்களை அழைத்துக்கொண்டு போனபோது ஒருமுறை அதை வாசலில் நின்று பார்க்க வாய்த்தது. வேலை நேர்த்தியானது, அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. பழைய பொருளின் மானத்தைக் காத்து, புதிய சுகத்தை அதற்குள் வைப்பது உயர்ந்த கலை. அதைச் செய்த கைகளில் எங்கள் மலைநாட்டுக் கைகளும் இருந்திருக்கக்கூடும். ஒரு கேள்வி மட்டும் மனத்தில் எழுந்தது. தேயிலை வாடிய மாடியை மனிதர் உறங்கும் அறையாக்க முடிந்தது; வழியற்ற ரயில் பெட்டியை விருந்துக்கூடமாக்க முடிந்தது. மனிதர் வாடிய லயத்தை மட்டும் மனிதர் வாழும் வீடாக்க ஏன் இத்தனை காலம் முடியவில்லை? பலகையும் ஆணியும் இல்லாமலா? தச்சர் இல்லாமலா? இல்லை. வேனுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார், தொலைபேசியில் கேட்டால் சம்மதம் தந்தார். விடுதிக்கும் சொந்தக்காரர் இருந்தனர். லயத்தில் வாழ்பவனுக்கோ அது சொந்தமில்லை. சொந்தக்காரருக்கோ அதில் வாழ வேண்டிய தேவை இல்லை. சங்கதி இவ்வளவே.

குடியிருப்பவன் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறான் என்பதற்கு 1946ஆம் ஆண்டே சாட்சி. கேகாலைப் பக்கத்து நேவ்ஸ்மியர் தோட்டக் காணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, லயங்களைவிட்டு வெளியேற மறுத்த தொழிலாளர் மீது, அத்துமீறி நுழைந்தார்கள் என்று வழக்கு வந்தது. தான் வாழ்ந்துகொண்டிருந்த அறைக்குள் தானே அத்துமீறி நுழைந்தவன்! 1972இலும் 1975இலும் வந்த காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. கை மாறிய ஒவ்வொரு முறையும் லயமும் தோட்டத்தோடு சேர்ந்து கை மாறியது, தேயிலைச் செடியைப்போல.

மாறுதலே வரவில்லை என்று சொன்னால் அது பொய். 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் நாடற்றவர் என்ற அவப்பெயர் நீங்கியது. 2015க்குப் பின் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடு என்ற பேச்சு திட்டமாகியது. இந்திய உதவியோடு 550 சதுர அடி வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. 120க்கும் 550க்கும் இடையிலுள்ள தூரத்தை நடந்தவர்கள்தாம் அறிவார்கள். ஆனால் ஏராளமான குடும்பங்கள் இன்றும் அதே லயங்களில் இருக்கின்றன. வேனைத் திருத்திய என் மாணவனும் அவர்களில் ஒருவன். “உன் காம்பிராவில் ஒரு யன்னல் வைக்கலாகாதா?” என்று அவனைக் கேட்டேன். “கேட்டிருக்கோம் சேர்” என்றான். அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். ஆசிரியத் தொழிலில் சேர்ந்து, கடன் வாங்கி, 1995இல் கந்தப்பளையில் ஒரு சிறு வீட்டை என் பெயரில் எழுதி வாங்கினேன். எழுபதைத் தாண்டிவிட்ட என் தகப்பனாரை முதல் நாளே அழைத்து வந்தேன். என் தாயாரின் படத்தை அவர் கையாலேயே மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. சுத்தியலையும் ஆணியையும் கொடுத்தேன். அவர் சுவரருகே போனார். இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஆணியை வைத்தார். ஓங்கிய கை பாதியில் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்துத் தணிந்த குரலில், “தம்பி, கேட்டுட்டியா?” என்றார்.

யாரைக் கேட்க வேண்டும், அப்பா?

அந்தக் கேள்வியைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு, “கேட்டுட்டேன்ப்பா, அடிங்க” என்றேன். அவர் அடித்தார். மூன்றே அடிதான், தச்சனின் கை மறக்கவில்லை. பின்பு வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எங்கள் மக்களுக்கு நிலமும் வீடும் வேண்டுமென்று நாம் கேட்கும்போது சதுர அடியைக் கணக்கிட்டுச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். அந்தக் கணக்கோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு கிழவன் தன் மனைவியின் படத்தை மாட்ட எவரையும் கேளாமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டும், ஒரு பெண் தன் அடுப்பின் உயரத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும். அந்த ஆணி இன்றும் என் வீட்டில் இருக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்களிடம் அதைப் பிடுங்க வேண்டாமென்று ஒவ்வொரு முறையும் சொல்லிவைக்கிறேன்.